ஆனைமடுவின் கடைசி மீன்கள்

மேலக்கொன்றை,
1939, மாசி 24.

அன்புள்ள முத்துத்தாய்க்கு மலையாண்டி எழுதுவது.

நீயும் பிள்ளையும் காளவாசலில் உன் அண்ணன் வீட்டுக்குச் சுகமாகப் போய்ச் சேர்ந்தீர்கள் என்று வண்டிக்காரர் வந்து சொன்ன பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. சீனிக்குக் காய்ச்சல் எப்படி இருக்கிறது? வயிற்றுக் கட்டி கொஞ்சமாவது கரைந்திருக்கிறதா? பெரிய ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள் என்பதை ஒன்று விடாமல் எழுது. இங்கே நான் நன்றாக இருக்கிறேன்.

நீ போன மறுநாள் மந்தையில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். கண்மாய் முழுக்க வற்றிவிட்டது. மடைக்கு முன்னால் உள்ள ஆனைமடுவில் மட்டும்தான் தண்ணீர் நிற்கிறது. கண்மாயில் கிடந்த மீன் அத்தனையும் தண்ணீர் ஒதுங்க ஒதுங்க அங்கே வந்து சேர்ந்துவிட்டது. வழக்கம்போல ஒருநாள் குறித்து எல்லோரும் இறங்கிப் பிடித்துவிடலாம் என்றார்கள். நான் கூடாது என்றேன்.

"போன வருஷம் வரைக்கும் மடுவை வழிச்சு எடுத்தாலும் ஐப்பசி வெள்ளத்துல ஆத்து மீனு ஓடை வழியா ஏறி வந்துரும். இப்ப ரோட்டுப் பாலத்துக்காக ஓடையில ஆள் உயரத்துக்குச் சுவர் கட்டியாச்சு. அதைத் தாண்டி எந்த மீனு வரும்? இந்த மடுவுல கெடக்குறதுதான் நமக்கு வித்து. இது போச்சுன்னா கண்மாயி நெறஞ்சாலும் வெறுந்தண்ணிதான்" என்று சொன்னேன்.

உக்கிரபாண்டி எழுந்து, "மூணு வருஷமா சரியான மழையில்ல மாமா. வித்தைப் பாத்துக்கிட்டே வயித்தைக் கட்டச் சொல்றீகளா?" என்று கேட்டான். அவன் கேட்டதிலும் தப்பில்லை. அப்போதுதான் புளியங்கண்மாய்க்காரர்களைப் பற்றிச் சொன்னேன். முந்தின வருஷம் சேற்றைக்கூடத் தோண்டி மீன் எடுத்தார்கள். அடுத்த தண்ணீரில் கொசுப்புழுதான் துள்ளியது. அந்தப் புழுவைத் தின்ன ஒரு கெண்டைக்குஞ்சு இல்லை. வீட்டுக்கு ஒருவர் காய்ச்சலில் படுத்தார்கள். நம் சீனிக்குக் காய்ச்சல் ஒட்டியதே அந்த ஊர்ப் பொங்கலுக்குப் போன இடத்தில்தானே.

பிள்ளை பெயரைச் சொன்ன பிறகுதான் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். மழை இறங்கும்வரை மடுவில் யாரும் கை வைப்பதில்லை என்று கற்பூரம் அடித்தாயிற்று. மடை திறந்து தண்ணீர் பங்கிடுகிற நீர்பாய்ச்சி நான் என்பதால் காவல் என் தலையில். மடைக்குப் பக்கத்தில் ஓலைப் பந்தல் போட்டுக்கொண்டேன்.

பிள்ளைக்கு என் முத்தம் ஒன்று. உன் அண்ணனுக்கும் என் விசாரிப்பைச் சொல்.

மலையாண்டி

*

காளவாசல், மதுரை,
பங்குனி 8.

என் மச்சானுக்கு முத்துத்தாய் எழுதிக்கொண்டது.

உங்கள் கடிதம் வந்தது. நாங்கள் இருக்கிறோம். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்பதை மட்டும் எழுதவில்லை. ஓலைப் பந்தலில் படுத்தால் பூச்சி பொட்டு பார்த்துப் படுங்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நல்ல மாதிரி. கொயினா மருந்து கொடுக்கிறார்கள். அதன் கசப்பில் பிள்ளை முதலில் துப்பினாள், இப்போது கண்ணை மூடிக்கொண்டு விழுங்கிவிடுகிறாள். காய்ச்சல் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது. கட்டி கரையவில்லை. கன்னம் இரண்டும் வெளுத்துப்போய், சுண்ணாம்பு பூசின மாதிரி இருக்கிறாள். அண்ணன் சுண்ணாம்புச் சூளையிலிருந்து வெள்ளை வெளேரென்று வரும்போது, "மாமா, நீயும் என்னை மாதிரி ஆயிட்டியா?" என்று கேட்கிறாள். அண்ணன் சிரித்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டது.

உங்கள் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அவளுக்கு ஒரே கேள்விதான். போன வருஷம் நீங்கள் தோளில் வைத்துக் காட்டினீர்களே, விராலும் அதன் ஜோடியும் இரண்டு பக்கமும் நிற்க நடுவில் செக்கச் செவேலென்று குஞ்சுகள் கொதிக்கிற மாதிரி மேலே வருமே, அது இந்த மடுவில் இருக்கிறதா என்று கேட்கச் சொன்னாள்.

சித்திரைக்கு அழகர் ஆற்றில் இறங்கும்போது வருவீர்கள்தானே? ஆற்றில் தண்ணீர் இல்லை என்கிறார்கள். சாமிக்காக இல்லாவிட்டாலும் பிள்ளைக்காக வாருங்கள். சாயங்காலமானால் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன்,
முத்துத்தாய்

*

மேலக்கொன்றை,
சித்திரை 3.

முத்துத்தாய்க்கு மலையாண்டி.

நீயும் சீனியும் உன் அண்ணனும் எப்படி இருக்கிறீர்கள்? நான் சாப்பிடுகிறேன். கம்பங்கூழ் இருக்கிறது. உடம்புக்கு ஒன்றுமில்லை.

பதில் தாமதமாகிவிட்டது. அலங்காநல்லூர் போய்த் தபாலில் போட்டுவிட்டு வரும் நேரம்கூட மடுவை விட முடியவில்லை. மடு பாதியாகச் சுருங்கிவிட்டது. நாரையும் கொக்கும் நீர்க்காகமும் எங்கிருந்துதான் வந்ததோ, கரை தெரியாமல் நிற்கிறது. விரட்டினால் எழும்பி எதிர்க்கரையில் உட்காருகிறது. சுற்றுவட்டத்தில் வேறு தண்ணீர் இல்லையே, அதுவும் எங்கே போகும்?

விடிகிற நேரத்தில் மீன் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. அசையாத தண்ணீரில் அதற்கு மூச்சு முட்டும். நான் இடுப்பளவு இறங்கிப் பனைமட்டையால் தண்ணீரை அடித்துக் கலக்கிவிடுகிறேன். கொஞ்சம் தெளிகிறது. விராலும் தேளியும் தாங்கும், அதுகள் மேலே வந்து காற்றைக் குடிக்கத் தெரிந்த சாதி. கெண்டைதான் தாங்கவில்லை. தினம் சில மல்லாந்து மிதக்கிறது. செத்ததை மட்டும் எடுத்து ஊரில் முறை வைத்துக் கொடுத்துவிடுகிறேன்.

நேற்று செத்த ஒரு சேல்கெண்டையைக் கீறிப் பார்த்தேன். உள்ளே சினை கட்டி, அது அப்படியே கரைந்துகொண்டிருந்தது. புதுவெள்ளம் வந்து மேலே ஏறினால்தான் அது சினை விடும். வெள்ளம் வராவிட்டால் வயிற்றிலேயே கரைத்துக்கொள்ளும். கரையில் உட்கார்ந்து அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உக்கிரபாண்டி சம்சாரம் ஒச்சம்மாள் கைக்குழந்தையோடு வந்து நின்றாள். "அண்ணே, பாலு வத்திப்போச்சு. ஒரே ஒரு மீனு" என்றாள். செத்ததில் அவளுக்கு முறை வர நாளிருந்தது. நான் இல்லை என்று சொல்லிவிட்டேன். அவள் பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு திரும்பிப் போனாள். அவள் ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சித்திரைக்கு வர முடியாது. நான் ஒருநாள் இல்லாவிட்டாலும் மடு இருக்காது. சீனியிடம் பக்குவமாகச் சொல். செவப்புக் குஞ்சு இன்னும் இல்லை, வந்ததும் எழுதுகிறேன் என்று சொல்.

மலையாண்டி

*

காளவாசல்,
சித்திரை 29.

மச்சானுக்கு முத்துத்தாய் எழுதுவது.

சுகம் விசாரித்து எழுத எனக்கு இப்போது பொறுமை இல்லை. கோபிக்க வேண்டாம்.

பிள்ளை எழுந்து உட்காருவதில்லை. காலைத் தரையில் வைத்தால் மடிந்துவிடுகிறது. டாக்டரம்மா கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "ரத்தமே இல்லம்மா. மருந்து மட்டும் பத்தாது. தெம்புக்கு எதாவது உள்ள போகணும்" என்று சொன்னார்கள். பக்கத்து வீட்டு சுல்தான் பீவி அக்கா கஞ்சி வைத்துக் கொண்டுவந்தார்கள். பிள்ளை இரண்டு வாய் குடித்துவிட்டு வாந்தி எடுத்துவிட்டாள். அக்கா சொன்னார்கள்: "விரால் மீனு ஆணம் வச்சுக் குடு தாயி. மெளகு தட்டிப் போட்டு, ரசமாட்டம் தெளிவா. எங்க வாப்பா மவுத்து வாசல் வரைக்கும் போயி அதுலதான் எந்திரிச்சாரு."

அண்ணன் பரவைச் சந்தை வரைக்கும் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தது. விரால் வருவதே இல்லையாம். கடல் மீன் கருவாடுதான் கிடக்கிறதாம். எந்தக் கண்மாயில் தண்ணீர் இருக்கிறது, விரால் வர?

மச்சான், உங்கள் மடுவில் இருக்கிறது. ஒன்று. ஒரே ஒரு விரால். உயிரோடு பானையில் போட்டு, யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். விரால் தண்ணீர் இல்லாமலும் ஒருபொழுது தாங்கும் என்று நீங்கள்தான் சொல்வீர்கள். இல்லை, நீங்களே கொண்டு வாருங்கள். ஊர் என்ன சொல்லும் என்று பார்க்காதீர்கள். இது ஊருக்கு அல்ல. உங்கள் மகளுக்கு.

நான் உங்களிடம் சேலை கேட்டதில்லை, காதுக்குக் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன்.

முத்துத்தாய்

*

மேலக்கொன்றை,
வைகாசி 20.

முத்துத்தாய்க்கு மலையாண்டி எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. சீனி எப்படி இருக்கிறாள்?

விரால் அனுப்ப முடியவில்லை. நானும் இப்போது வருவதற்கில்லை. ஏன் என்று கேட்காதே. நேரில் சொல்கிறேன்.

பிள்ளைக்குக் கொயினா மருந்தை நிறுத்திவிடாதே. ஆட்டு ஈரல் கிடைத்தால் சுட்டுக் கொடு. உன் அண்ணனிடம் நான் சொன்னதாகச் சொல். உன்னிடம் வேறு என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மலையாண்டி

*

காளவாசல்,
வைகாசி 27.

மச்சானுக்கு.

கடிதம் வந்தது. விரால் வராது என்று தெரிந்துகொண்டேன்.

உங்கள் மகள் இப்போது எதுவும் கேட்பதில்லை. சோறும் கேட்பதில்லை, மீனும் கேட்பதில்லை. உங்களையும் கேட்பதில்லை. ஆகையால் நீங்கள் நிம்மதியாக உங்கள் மீன்களைப் பார்த்துக்கொள்ளலாம். ஒன்றுகூடக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முத்துத்தாய்

*

மேலக்கொன்றை,
ஆடி 9.

அன்புள்ள முத்துத்தாய்க்கு மலையாண்டி எழுதுவது.

ஆனி மாதம் இரண்டு கார்டு போட்டேன். பதில் இல்லை. கோபமாக இருப்பாய். அந்தக் கோபம் நியாயம்தான். ஒரு வரி மட்டும் போடு, சீனிக்குக் காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று. இங்கே நான் சுகம். மேற்கே இருந்து ஆடிக் காற்று அடிக்கிறது. மேகம் ஓடுகிறது, நிற்கவில்லை.

கீழே எழுதியிருப்பதைச் சீனிக்கு வாசித்துக் காட்டு.

சீனித் தாயி, உன் அப்பன் எழுதுகிறேன். நீ கேட்ட செவப்புக் குஞ்சு வந்துவிட்டது. மடுவின் தெற்கு மூலையில் கோரைப்புல் இருக்கிறதல்லவா, அதற்குள் தாய் விரால் புல்லை வளைத்து, சட்டி அகலத்துக்குத் தண்ணீரைச் சுத்தம் பண்ணி, முட்டையிட்டது. எள்ளுருண்டையை உதிர்த்துவிட்ட மாதிரி மேலே மிதந்தது. இரண்டும் மாற்றி மாற்றிக் காவல் இருந்தது. இப்போது குஞ்சு பொரித்துவிட்டது. ஆயிரம் இருக்கும் தாயி. ஒரே கொத்தாக மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டு உள்ளே போகிறது. ஒரு தவளை கிட்ட வந்தது. தகப்பன் விரால் ஒரே பாய்ச்சல், தவளை கரைக்கு வந்து விழுந்தது. தகப்பன் விரால் சாப்பிடவே போவதில்லை, குஞ்சுகளை விட்டு அப்படி இப்படி நகராது. நீ நல்ல பிள்ளையாக மருந்து குடித்துவிட்டு வா. அப்பன் தோளில் தூக்கிக்கொண்டு போய்க் காட்டுகிறேன்.

முத்துத்தாய், ஒரு வரி போடு.

மலையாண்டி

*

மேலக்கொன்றை,
புரட்டாசி 18.

மதினி முத்துத்தாய்க்கு, உக்கிரபாண்டி சம்சாரம் ஒச்சம்மாள் சொல்லச் சொல்லப் பள்ளிக்கூட வாத்தியார் எழுதுவது.

நீங்களும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நல்ல சேதி ஒன்று உண்டு, கெட்ட சேதிகள் பல உண்டு. மழை பெய்துவிட்டது. கண்மாய் கரை தொட நிற்கிறது.

மதினி, மலையாண்டி அண்ணனுக்கு நான் எழுதுவது தெரியாது. எழுதக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். அவர் வைகாசி மாதத்திலிருந்து எழுந்து நடக்கவில்லை.

உங்கள் கடிதம் வந்த அன்று அவர் மடுக்கரையில் அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போது மடு ஒரு வீட்டு முற்றம் அளவுதான். கையை விட்டால் விரால் அகப்படும். ஒன்றை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு போயிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் அப்படிச் செய்யவில்லை. மந்தையில் ஊரைக் கூட்டினார்.

"எம் மக சாகக் கெடக்குறா. ஊருக்குப் பொதுவான மீனு. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். குடுங்கய்யா" என்று துண்டை விரித்துக் கேட்டார்.

ஒருவரும் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் வீட்டுக்காரர் எழுந்து, "குடுப்போம் மாமா. ஆனா எம் பிள்ளையும் பாலு இல்லாமத்தான் கெடக்கு. அதுக்கும் ஒண்ணு" என்றார். உடனே இன்னொருவர், என் ஆத்தாளுக்கு ஒன்று என்றார். அதற்குப் பிறகு யார் என்ன பேசினார்கள் என்று தெரியவில்லை. அவரவர் வீட்டுக்கு ஓடி மீன் பிடிக்கிற ஊத்தாக்கூடையும் பறியும் கொசுவலையும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். பெண்கள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு வந்தோம். நானும் வந்தேன் மதினி.

அண்ணன் மடைப்படியில் நின்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, "வேணாம், சினை மீனை விட்டுருங்க, சின்னதை விட்டுருங்க" என்று கத்தினார். கூட்டம் நெருக்கித் தள்ளியது. யார் கை பட்டது என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. மடைக்கல்லில் இடுப்பு அடிபட விழுந்தார். மேலே எத்தனை பேர் மிதித்துக்கொண்டு போனோமோ. இடுப்பு எலும்பு விட்டுவிட்டது. கட்டுப் போடுகிறவர் வந்து கட்டினார். கூடவில்லை.

பொழுது சாய்வதற்குள் மடுவில் ஒன்றும் இல்லை. சேற்றுக்குள் புதைந்து கிடந்த ஆரலையும் விராலையும்கூட மண்வெட்டியால் வெட்டி எடுத்தார்கள். எங்கள் வீட்டுக்காரர் ஒரு விராலைப் பானையில் போட்டு, பிள்ளைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று அண்ணன் கட்டிலுக்குக் கொண்டுவந்தார். வழியெல்லாம் ஆள் கை பட்டு நசுங்கி, அது பானைக்குள் செத்துக் கிடந்தது. அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவர் உங்களுக்கு மீனைப் பற்றி எழுதினார் என்றால் அது உண்மை இல்லை. ஆடி மாதம் மடுவில் வெடித்த மண்தான் இருந்தது.

இப்போது தண்ணீர் நிற்கிறது. குடத்தை முக்கி எடுத்தால் குடம் நிறையக் கொசுப்புழு. எங்கள் தெருவில் வீடு தவறாமல் ஆள் படுத்திருக்கிறது. எங்கள் கைப்பிள்ளைக்கும் காய்கிறது. அண்ணனுக்கும் நேற்றிலிருந்து குளிர்க்காய்ச்சல். நான் கஞ்சி ஊற்றிப் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் அவர் பிதற்றும்போது கூப்பிடுவது என்னை இல்லை.

வந்துவிடுங்கள் மதினி.

இப்படிக்கு,
ஒச்சம்மாள், கைநாட்டு

*

காளவாசல்,
புரட்டாசி 24.

என் மச்சானுக்கு முத்துத்தாய் எழுதுவது.

ஒச்சம்மாள் எழுதிவிட்டாள். அவளைக் கோபிக்காதீர்கள். இடுப்பு வலி எப்படி இருக்கிறது? காய்ச்சல் விட்டதா? கொயினா மாத்திரை டாக்டரம்மாவிடம் வாங்கி இந்தக் கவரிலேயே வைத்திருக்கிறேன். கசக்கும், விழுங்கிவிடுங்கள்.

நான் வந்து சேர்வதற்கு முன்னால் இது உங்கள் கைக்குக் கிடைக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் இதைச் சொல்ல முடியாது.

நம் பிள்ளை இல்லை, மச்சான். வைகாசியிலேயே போய்விட்டாள். விரால் அனுப்ப முடியவில்லை என்று நீங்கள் எழுதிய கடிதம் வருவதற்கு முன்பே. காலையில் தண்ணீர் கேட்டாள். எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் அடங்கிவிட்டாள். அண்ணன் சூளையிலிருந்து ஓடிவந்தது. சுல்தான் பீவி அக்காதான் குளிப்பாட்டிவிட்டார்கள். எனக்குக் கை வரவில்லை.

அதற்குப் பிறகுதான் உங்கள் கடிதம் வந்தது. நீங்கள் மீன்தான் பெரிது என்று இருந்துவிட்டதாக நினைத்தேன். உங்களுக்குச் சொல்லக் கூடாது, நீங்கள் பிள்ளை இருப்பதாக நினைத்துக்கொண்டு மடுவைக் காக்க வேண்டும், ஒருநாள் வந்து நின்று கேட்க வேண்டும், அப்போது சொல்ல வேண்டும் என்று நினைத்துத்தான் அந்தக் கடிதத்தை எழுதினேன். நீங்கள் அப்போது கட்டிலில் அசைய முடியாமல் கிடந்திருக்கிறீர்கள்.

ஆடி மாதம் நீங்கள் சீனிக்கு எழுதியது வந்தபோது வாசித்துக் காட்ட ஆள் இல்லை. நான் மட்டும் வாசித்தேன். உங்கள்மேல் அன்றைக்கு வந்த ஆத்திரம் இன்னும் நினைவிருக்கிறது. இவ்வளவு மீன் இருந்தும் ஒன்று இல்லையா என்று சுவரில் தலையை முட்டிக்கொண்டேன். அவ்வளவும் பொய் என்று இப்போதுதான் தெரிகிறது.

ஏன் ஊரைக் கூட்டிக் கேட்டீர்கள்? திருடக் கூடாதா? உங்களுக்கு அது வராது. வந்திருந்தாலும் பிள்ளைக்கு எட்டியிருக்காது. இதை நான் உங்களைத் தேற்றச் சொல்லவில்லை. கணக்குப் பார்த்தே சொல்கிறேன். என் கடிதம் உங்கள் கைக்கு வந்த நேரத்தில் அவளுக்குத் தொண்டையில் எதுவும் இறங்கவில்லை.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நான் வரும்வரைக்கும் இருங்கள். உங்களையும் விட்டுவிட்டு நான் யாரிடம் கோபித்துக்கொள்வது?

முத்துத்தாய்

*

மேலக்கொன்றை,
ஐப்பசி 6.

அன்புள்ள அண்ணனுக்கு முத்துத்தாய் எழுதிக்கொண்டது.

நான் வந்து சேர்ந்துவிட்டேன். அலங்காநல்லூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, சேற்றில் நடந்து வருவதற்குள் பொழுது உச்சிக்கு வந்துவிட்டது. உனக்குச் சூளைப் புகையில் இருமல் எப்படி இருக்கிறது? சுல்தான் பீவி அக்காவிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

உன் மச்சான் உயிரோடு இருக்கிறார். காய்ச்சல் விட்டிருக்கிறது. ஆள் கட்டிலோடு ஒட்டிப்போயிருக்கிறார். என் கடிதம் எனக்கு முன்னாலேயே வந்துவிட்டது. தலையணைக்குக் கீழே இருந்தது.

என்னைப் பார்த்ததும், "வந்துட்டியா" என்றார். நான் காலடியில் உட்கார்ந்தேன். ஒச்சம்மாள் அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள். அதற்கு இன்னும் உடம்பு காய்கிறது. நீ வாங்கிக் கொடுத்த மாத்திரையில் பாதியை இடித்து அதற்கும் கொடுத்தேன்.

சாயங்காலம் உக்கிரபாண்டி அண்ணனும் இன்னும் சிலரும் தலைச்சுமையாகப் பானைகளோடு வந்தார்கள். கண்மாயில் விடுவதற்கு வைகை ஆற்றில் வலை போட்டு, கெண்டைக்குஞ்சும் விரால்குஞ்சும் பிடித்து நடந்தே கொண்டுவந்திருக்கிறார்கள். கண்மாயை இந்தக் கோலத்தில் பார்க்க ஊருக்கே பயமாக இருக்கிறதாம். வாசலில் இறக்கி வைத்துவிட்டு உள்ளே வராமல் நின்றார்கள். பானை மூடியைத் திறந்தால் கெண்டை அவ்வளவும் வெள்ளையாக மிதக்கிறது. பானைக்குக் கழுத்துவரை தண்ணீரும் அதற்குமேல் மீனுமாக அடைத்திருக்கிறார்கள். விரால்குஞ்சில் மட்டும் கொஞ்சம் அசைந்தது.

உக்கிரபாண்டி அண்ணன் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டது. "மாமா, எல்லாம் செத்துப்போச்சு மாமா" என்று தலையில் அடித்துக்கொண்டது.

உன் மச்சான் கட்டிலில் படுத்தபடியே வாசல் பக்கம் தலையைத் திருப்பினார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். ஏசட்டும் என்றும் நினைத்தேன். அவர், "பானைக்குக் கால்வாசி தண்ணி ஊத்து. கொஞ்சமா மீனு போடு. வழியில தண்ணியை மாத்து, வெயிலுக்கு முன்னாடி நட. உசுரோட இருக்குறதை இப்பவே கொண்டுபோயி கோரைக்குள்ள விடு, நடுத்தண்ணியில விடாத" என்றார். அவ்வளவுதான். அவர்கள் எழுந்து போனார்கள். விட்டதில் எத்தனை பிழைக்குமோ தெரியாது. நாளைக்கு மறுபடி ஆற்றுக்குப் போகிறார்களாம்.

எனக்கு அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை, அண்ணே. அவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடு என்று உன் மச்சான் சொன்னதால் கொடுத்தேன். அதற்குமேல் என்னால் ஆகவில்லை.

அவர்கள் போன பிறகுதான் பிள்ளையைப் பற்றிக் கேட்டார். அதுவரைக்கும் அவள் பெயரை இரண்டு பேரும் எடுக்கவில்லை.

"எங்கன வச்சீக?" என்று கேட்டார்.

"காளவாசலுக்கு மேக்க, மச்சான். புளிய மரத்துக்கு அந்தப் பக்கம். அண்ணன்தான் தூக்கிட்டுப் போச்சு."

"பள்ளமா, மேடா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு சொன்னேன், பள்ளம்தான் என்று. அவர் கண்ணை மூடிக்கொண்டார். வெளியே மழை மறுபடியும் பிடித்துக்கொண்டது. நான் அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தேன். அப்படியே தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். தூங்கவில்லை. உனக்கு எழுதச் சொன்னார்.

இந்தக் கடிதம் கிடைத்ததும், அண்ணே, ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அங்கே போ. தலைமாட்டில் தொடங்கி, சரிவு எந்தப் பக்கம் என்று பார்த்து, சின்னதாக ஒரு வாய்க்கால் கீறிவிடு. தண்ணீர் அவள்மேல் நிற்கக் கூடாது என்கிறார்.

உன் தங்கை,
முத்துத்தாய்